முறைத் தண்ணீர்

சேரன்மகாதேவி வழியாக அம்பாசமுத்திரத்துக்கு பஸ்ஸில் போகும்போது எங்கள் ஊர்க்காரர்கள் ஜன்னலுக்கு வெளியே பார்க்க மாட்டார்கள். பார்த்தால் வயிறு எரியும். இரண்டு பக்கமும் பச்சை. கார் சாகுபடிக்கும் தண்ணீர், பிசான சாகுபடிக்கும் தண்ணீர், வருடத்துக்கு இரண்டு பூ, அதாவது இரண்டு போகம். அதே தாமிரபரணிதான் சீவலப்பேரியையும் தாண்டிப் போகிறது. அங்கிருந்து எங்கள் ஊர் எட்டு கிலோமீட்டர். ஆனால் மேடு, ஆற்றுத் தண்ணீர் ஏறி வராது. எங்களுக்கு வாய்த்தது சடையன்குளம் ஒன்றுதான். ஐப்பசி கார்த்திகையில் வானம் மனது வைத்தால் குளம் பெருகும், ஒரு பூ விளையும். இல்லையென்றால் குளத்துக்குள் ஆடு மேயும். ஆகவே பொறாமை எங்கள் ஊருக்கு வெளியிலிருந்து வந்த சீக்கு அல்ல. தாய்ப்பாலோடு வந்தது.

நான் முத்துமாலை. குளத்துக்குப் போகிற தெருவில் உரக்கடை வைத்திருக்கிறேன். சீவலப்பேரியில் என்னைவிடப் பெரிய கடை ஒன்று இருக்கிறது. அதைப் பற்றி நான் பேச விரும்பவில்லை. எவன் வயலில் என்ன முளைக்கிறது, எவன் வயலில் என்ன கருகுகிறது என்பது எவனுக்கும் முன்னால் எனக்குத் தெரிந்துவிடும். வடிவம்மாள் கதை எனக்குத் தெரிந்ததும் அப்படித்தான். தெரிந்தும் நான் வாயை மூடிக்கொண்டு இருந்தேன். அதையும் சேர்த்துத்தான் சொல்லப்போகிறேன்.

வடிவம்மாள் நடுகைக்காரி. பதிமூன்று பெண்களைக் கூட்டிக்கொண்டு ஊர் ஊராக நாற்று நடப் போகிறவள். ஐம்பது வயது ஆகப்போகிறது. குனிந்தால் வரப்புக்கு வரப்பு நிமிர மாட்டாள். அவள் பிடித்த வரிசை கயிறு கட்டி நட்டது மாதிரி இருக்கும். "வடிவு வாராளா?" என்று கேட்டுவிட்டுத்தான் நாற்றுப் பறிக்கவே ஆரம்பிப்பார்கள். அவளுக்கும் அது தெரியும். தெரு நடுவில் நடக்கிற நடையிலேயே தெரியும்.

அவள் புருஷன் சுடலைமணி வாயில்லாத மனுஷன். அவன் தம்பி மணிராஜ் சவுதியில் டிரைவர். தம்பி பெண்டாட்டி முத்துராணி கல்லிடைக்குறிச்சிப் பக்கத்துப் பெண், ஆற்றுப் பாசனத்தில் பிறந்தவள். மாமனார் செத்த பிறகு மூன்று ஏக்கரை நடுவில் ஒரு வரப்புப் போட்டு ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். ஒரே மண், ஒரே வாய்க்கால். இரண்டு வயலுக்கும் வித்தியாசம் ஒன்றும் கிடையாது. வீடுகளுக்குத்தான் வித்தியாசம். முத்துராணி வீட்டில் டைல்ஸ் தரை, வாஷிங் மெஷின், மாடியில் தண்ணீர்த் தொட்டி. வடிவம்மாள் வீட்டில் சிமெண்ட் தரை, அதிலும் பொத்தல்.

அதையெல்லாம் வடிவம்மாள் பொறுத்துக்கொண்டதற்கு ஒரே காரணம் உண்டு. முத்துராணி வயலில் முதல் முடி நாற்றை அவள் கையால்தான் ஊன்ற வேண்டும். பதினாலு வருஷமாக அப்படித்தான். ஈசான மூலையில் வெற்றிலை பாக்கு வைத்து, கிழக்கே பார்த்துக் கும்பிட்டு, முதல் முடியை வடிவம்மாள் கையில் கொடுப்பாள் முத்துராணி. சாயந்திரம் கூலியோடு ஒரு சேலையும் கொடுப்பாள். அந்த ஒருநாள் டைல்ஸ் தரைக்காரி வரப்பில் நிற்பாள், சிமெண்ட் தரைக்காரி வயலுக்குள் ராணி மாதிரி நிற்பாள்.

போன புரட்டாசிக் கடைசியில் ஒருநாள் காலை, ரேஷன் கடைக்குப் போய்விட்டு வந்த வடிவம்மாள் குளத்தாங்கரையிலிருந்து பார்த்தாள். கொழுந்தன் வயலில் டிராக்டர் நிற்கிறது. பின்னால் பெட்டி பெட்டியாக ஒரு கருவி. கீழே வரிசையாகக் கொழு. புழுதி பறக்கிறது. மேலப்பாளையம் ஹசன் அலி சீட்டில் உட்கார்ந்திருக்கிறார். நானும் அங்கே நின்றேன். அடியுரம் கொடுத்தது நான்தான்.

அரிசிப் பையை இடுப்பில் வைத்தபடியே வரப்பில் வந்து நின்றாள்.

"என்ன பாய், வழி தெரியாம எங்க கொழுந்தன் வயல்ல வந்து எறங்கிட்டீயளோ?"

"வழி தெரிஞ்சுதான் மதினி வந்திருக்கேன். மணிராஜும் நானும் சவுதில மூணு வருசம் ஒரே ரூம்ல கெடந்தவுங்கள்லா. நேத்து போன் போட்டுச் சொன்னாப்ல. நெல்லு வெதைச்சுக்கிட்டிருக்கோம்."

"நெல்லா? ஒரு சொட்டுத் தண்ணி இல்லாம, புழுதியிலயா?"

"புழுதியிலதான். மண்ணுக்குள்ள கெடக்கும். இன்ஷா அல்லாஹ், மழை விழுந்ததும் மொளைச்சிரும். நாத்து வேண்டாம், தொளி உழவு வேண்டாம், நடுகையும் வேண்டாம். செலவு பாதிதான் மதினி."

நடுகை வேண்டாம் என்ற வார்த்தையை அந்த மனுஷன் யாரிடம் சொல்கிறோம் என்று தெரியாமல் சொல்லிவிட்டார். முத்துராணிக்கு முகம் போய்விட்டது. முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு பக்கத்தில் வந்தாள்.

"யக்கா, சாயந்தரம் வீட்டுக்கு வந்து சொல்லணும்னுதான் இருந்தேன். ராத்திரி அவுக திடீர்னு போன் பண்ணி..."

"என்ட்ட என்னத்துக்குச் சொல்லணும்? ஒன் வயலு, ஒன் நெல்லு, ஒன் புருசன் சம்பாத்தியம். நான் யாரு? கூலிக்கு நடுதவ."

"அப்படிச் சொல்லாதக்கா. போன வருசம் குளம் நெறைய தை பொறந்துட்டே. நாத்து கெழடாகி வெளச்சலே இல்லயே. அதான் ஒரு தடவ செஞ்சு பாப்போம்னு."

"பாரு. நல்லாப் பாரு."

திரும்பிப் போகத்தான் போனாள். அப்போது ஹசன் அலி முத்துராணியிடம் சொன்னது அவள் காதில் விழுந்தது. "மதினி, ஒண்ணு மட்டும் கவனம். மொளைச்சு வெளிய வார வரைக்கும் வயல்ல தண்ணி நிக்கக் கூடாது. நின்னுதுன்னா அம்புட்டும் அழுகிரும், பாத்துக்கிடுங்க." வடிவம்மாள் ஒரு நிமிஷம் நின்றாள். பிறகு நடந்தாள். முன்பாதியை விட்டுவிட்டுப் பின்பாதியை மட்டும் மடியில் முடிந்துகொண்டு போனாள் என்பது எனக்குப் பிற்பாடுதான் தெரிந்தது.

ஒன்றரை ஏக்கரும் பதினோரு மணிக்கு முடிந்தது. பதினாலு பெண்கள் ஒன்றரை நாள் குனிகிற வேலை. ஹசன் அலி டீ குடித்துவிட்டு அடுத்த ஊருக்குப் போய்விட்டார்.

ஐப்பசி பிறந்து ஐந்தாம் நாள் மழை. நல்ல மழை. முத்துராணி வயலில் ஏழெட்டு நாளில் பச்சை ஊசிகள் வரிசையாக எட்டிப்பார்த்தன. வடிவம்மாள் அந்த மழைக்குப் பிறகுதான் கிணற்றுப் பக்கம் நாற்றங்கால் பாவினாள். ஊரில் முக்கால்வாசிப் பேர் அப்படித்தான். குளம் பெருகட்டும், சேறு கலக்கித் தொளி அடித்து நடலாம் என்று காத்திருந்தார்கள். காலையில் அவள் தன் நாற்றங்காலைப் பார்க்கப் போவாள், அப்படியே அந்த வயலையும் ஒரு பார்வை பார்ப்பாள். உண்மையைச் சொன்னால் அந்த வயலைப் பார்க்கத்தான் போவாள்.

முதல் பத்து நாள் அவள் சோறு சரியாகத் தின்னவில்லை என்று சுடலைமணியே என்னிடம் சொன்னான். "என்னன்னு தெரியல அண்ணாச்சி. அவ வயலு மொளைச்சதுல இருந்து இவளுக்கு வயித்துக்குள்ள என்னமோ செய்யுது. சுக்கு கசாயம் போட்டுக் குடுத்தேன், கேக்கல." கசாயத்துக்குக் கேட்கிற நோயா அது!

அப்புறம் புல் வந்தது. தொளி அடித்த வயலில் புல்லை மிதித்து அமுக்கிவிடலாம். புழுதியில் விதைத்தால் நெல்லுக்கு விழுகிற மழைதான் புல்லுக்கும் விழுகிறது. நெல் ஒரு பங்கு என்றால் புல் மூன்று பங்கு. கோரை வேறு. வரிசையே தெரியவில்லை. வடிவம்மாள் மறுபடியும் தெரு நடுவில் நடக்க ஆரம்பித்தாள். சோறும் இறங்கியது.

நடுகைக்காரிகள் பேச்சுக்குக் கேட்க வேண்டுமா? அதிலும் இசக்கியம்மாவுக்கு நாக்கில் எலும்பே கிடையாது. என் கடை வாசலில் நின்று சத்தமாகச் சொன்னாள். "ஏளா வடிவு, ஒன் ஓரகத்தி வயல்ல கோரை என்னமா வெளைஞ்சு கெடக்கு! பத்தமடைக்கு ஒரு போன் போடு. பாய் பின்னுதவுக லாரியோட வந்து அள்ளிக்கிட்டுப் போவாக."

எல்லாரும் சிரித்தார்கள். வடிவம்மாள் சிரிக்காத மாதிரி சிரித்தாள்.

"மிசினுக்கு என்ன தெரியும்? போட்டுட்டுப் போயிரும். நெல்லுக்குப் பக்கத்துல நின்னு பாக்க ஆளு வேண்டாமா?"

"அதச் சொல்லு. நம்ம கை படாத நெல்லு நெல்லாளா?"

சிரிப்புக்குள் பயமும் இருந்தது. அதற்கு முந்தின வருஷம் பக்கத்து மேலூரில் மூன்று பேர் கருவி போட்டுவிட்டார்கள். அங்கே இவர்களுக்கு நடுகை போய்விட்டது. இங்கே முத்துராணி வயல் ஜெயித்தால் அடுத்த வருஷம் சடையன்குளத்துப் பாசனம் முழுக்க ஹசன் அலி டிராக்டர்தான். பதினாலு வீட்டில் கார்த்திகை மாதம் வருகிற கூலி நின்றுபோகும். வடிவு வாராளா என்று கேட்க ஒருத்தனும் இருக்க மாட்டான். அந்தப் புல்தான் அவர்களுக்குக் காவல் தெய்வமாக நின்றது.

இரண்டு நாள் கழித்து முத்துராணி வடிவம்மாள் வீட்டுக்கே போய்க் கேட்டாள். களையெடுக்க ஆள் கூட்டி வரச் சொல்லி.

"ஆளு எங்க இருக்கு? எல்லாரும் நூறு நாள் வேலைக்குப் போயிட்டாளுவ."

"கூலி கூடத் தாரேன்க்கா."

"கூலி குடுத்தா ஆளு மொளைக்குமா? அந்தப் பாய்ட்ட கேளு. களை பிடுங்க ஒரு பெட்டி வச்சிருப்பாரு."

முத்துராணி அங்கிருந்து நேராக என் கடைக்கு வந்தாள். கண் கலங்கித்தான் இருந்தது. களைக்கொல்லி கேட்டாள். எடுத்துக் கொடுத்தேன். கொடுக்கும்போது சொல்ல வேண்டியதைச் சொன்னேன்.

"இத அடிச்சு ரெண்டு மூணு நாளைக்குள்ள தண்ணி கட்டணும் முத்துராணி. பயிரு இப்பம் சாண் உசரம் வந்துட்டு, தண்ணிக்குப் பயமில்ல. கட்டினேன்னா புல்லு அமுங்கிரும். கட்டலைன்னா மருந்து வீண்."

"தண்ணிக்கு எங்க போவேன் அண்ணாச்சி? எனக்கு முறை வர இன்னும் பதினஞ்சு நாளு கெடக்கே."

அது ஊர்க்கூட்டத்தில் முடிவானது. குளம் பாதிதான் பெருகியிருந்தது. முற்றப்போகிற நாற்று வைத்திருப்பவர்களுக்கு முதலில், ஆளுக்கு ஒரு பகல், காலை ஆறு முதல் மாலை ஆறு வரை மடை. வடிவம்மாளுக்குக் கார்த்திகை பத்து. முத்துராணிக்குக் கடைசி. கூட்டத்தில் பின்னால் நின்று, "அவளுக்கு என்ன அவசரம்? அது காஞ்ச மண்ணுல பொறந்த பயிருல்லா, தண்ணியே வேண்டாம்னு சொன்னாகளே," என்று எடுத்துக்கொடுத்தது வடிவம்மாள்தான்.

"மழை வரும்னு டிவியில சொல்லுதான். தைரியமா அடி," என்றேன் நான்.

டிவி அப்படி எதுவும் சொல்லவில்லை. நான் விற்காவிட்டால் அவள் சீவலப்பேரிக் கடைக்குப் போய் வாங்குவாள். கார்த்திகை எட்டாம் தேதி அடித்தாள். ஒன்பதாம் தேதி வானம் துடைத்து வைத்த மாதிரி இருந்தது. மருந்து வீணாகிப் போனால் என் பெயர்தான் கெடும் என்ற கவலையில் அன்று முழுக்கக் கடை வாசலில் நின்று வானத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

பத்தாம் தேதி மத்தியானம் வயலை ஒரு எட்டுப் பார்த்துவிட்டு வரலாம் என்று டி.வி.எஸ்ஸை எடுத்துக்கொண்டு போனேன். நல்ல வெயில். குளத்தாங்கரையில் ஈ காக்கை இல்லை. சுடலைமணி சாப்பிட வீட்டுக்குப் போயிருந்தான். சாப்பிட்டால் மூன்று மணி வரை கட்டையைச் சாய்ப்பான் என்பது ஊருக்கே தெரியும். வடிவம்மாள் மட்டும் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, மம்பட்டியோடு வாய்க்காலுக்குள் நின்றாள். தன் வயலுக்குத் தண்ணீர் நுழைகிற வாமடையை வைக்கோலும் சேறும் வைத்து அடைத்திருந்தாள். பக்கத்து வயல் வாமடையைத் திறந்துவிட்டிருந்தாள். வெடித்துக் கிடந்த முத்துராணி வயலுக்குள் தண்ணீர் சரசரவென்று போய்க்கொண்டிருந்தது.

என்னைப் பார்த்ததும் மம்பட்டியை ஊன்றி நின்றாள். பயந்த மாதிரியும் தெரியவில்லை.

"என்ன அண்ணாச்சி, இந்த வெயில்ல?"

"சும்மா. தண்ணி அங்கிட்டுப் போவுதே வடிவு?"

"போட்டும்."

"ஒன் முறையில்லா?"

"எம் முறைதான். எந் தண்ணி. நான் யாருக்கு வேணும்னாலும் விடுவேன்." மூச்சு வாங்கினாள். "குடிக்கட்டும். வயிறு முட்டக் குடிக்கட்டும். குடிச்சு அழுவி நாறட்டும். அந்தப் பாயே சொன்னாருல்லா, தண்ணி நின்னா அழுகிரும்னு? பதினாலு வருசம் எங் கையால நட்ட வயலு அண்ணாச்சி. ஒரு வார்த்த... ஒரு வார்த்த சொல்லலியே அவ."

சொல்லும்போதே அழுதுவிட்டாள். முந்தானையால் துடைத்துக்கொண்டாள். "யாருட்டயும் சொல்லிராதீக."

"நான் என்னத்தக் கண்டேன்," என்றேன்.

நாற்பது வருஷம் நெல்லைத் தொட்ட கை அது. சாண் உயரப் பயிர் தண்ணீரில் அழுகாது என்று அந்தக் கைக்குத் தெரியாதா? வேறு எவன் வயலாக இருந்தாலும் தெரிந்திருக்கும். ஆனால் இவள் நட்டு வளர்த்த நெல் எல்லாம் பிறந்ததிலிருந்து தண்ணீரில் நின்ற நெல். புழுதியில் பிறந்த நெல் அவளுக்கு வேறு ஜாதிப் பயிராகத் தெரிந்தது. அது சாக வேண்டும் என்று மனது நினைத்துவிட்டது. அதற்கேற்ற காரணத்தை அதுவே பிடித்துக்கொண்டது.

நான் அப்போதே சொல்லியிருக்கலாம். ஏ கிறுக்கி, அந்த வயலுக்கு இன்று தேவைப்படுவதே இந்தத் தண்ணீர்தான், நீ அவளுக்கு உயிர்ப்பிச்சை போடுகிறாய், உன் வயலுக்குத் திருப்பிவிடு என்று ஒரே வாக்கியம். வண்டியை ஸ்டார்ட் பண்ணிக்கொண்டு வந்துவிட்டேன். நான் விற்ற மருந்து பிடிக்க வேண்டுமே! வழியெல்லாம் சிரிப்பு வந்தது. வீட்டுக்கு வந்து சாப்பிட உட்கார்ந்தபோது சிரிப்பு வரவில்லை.

வெடித்த வயல் குடிக்கிற தண்ணீருக்குக் கணக்கு உண்டா? சாயந்திரம் ஐந்து மணி வரை குடித்திருக்கிறது. அப்புறம்தான் நின்றிருக்கிறது. வடிவம்மாள் தன் வாமடையைத் திறந்தபோது ஒரு மணி நேரம்தான் பாக்கி. அவள் வயலில் கால்வாசிதான் நனைந்தது, அதில் தொளி அடிக்க முடியாது. ஆறு மணிக்கு மடை அடுத்த ஆளுக்குப் போய்விட்டது. சுடலைமணியிடம் வரப்பு உடைந்து தண்ணீர் வெளியே போய்விட்டது என்றாளாம்.

மறுநாள் காலை உரக்கடன் சீட்டு ஒன்றில் கையெழுத்து வாங்க நான் சுடலைமணி வீட்டில் இருந்தேன். முத்துராணி ஓடி வந்தாள். செருப்புக்கூட இல்லை, கால் முழுக்கச் சேறு. வந்ததும் வடிவம்மாள் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"யக்கா! ஒன் முறைத் தண்ணிய எனக்கு விட்டிருக்கியேக்கா!"

வடிவம்மாள் கையிலிருந்த கரண்டி கீழே விழுந்தது.

"நேத்து ராத்திரி முழுக்க நான் தூங்கல. மருந்து அடிச்சாச்சு, தண்ணிக்கு எங்க போவேன்னு அழுதுக்கிட்டே கெடந்தேன். காலைல போயிப் பாக்கேன், வயலு நெறைஞ்சு நிக்கி. வாமடைகிட்ட ஒங் கால் தடம் கெடக்கு. ஒன் வயலு காஞ்சு கெடக்கு. ஒரு வார்த்த எங்கிட்டச் சொல்லலியேக்கா நீ!"

"அது... வரப்பு..." என்றாள் வடிவம்மாள்.

"மறைக்காத. நான் களையெடுக்கக் கூப்பிட்டதுக்கு நீ ஏசினப்ப, என்னமா நெனச்சேன் தெரியுமா ஒன்னப் பத்தி? எனக்கு நல்ல செருப்படி. அவுகட்ட போன்ல சொன்னேன். 'எங்க மதினி அப்படித்தான், வாய்தான் கடிசு'ன்னு சொல்லிச் சிரிக்காக."

சுடலைமணி பெண்டாட்டியை ஒரு பார்வை பார்த்தான். அவன் பார்வையில் சந்தோஷம் இருந்தது. அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை என்று நினைக்கிறேன். அடுப்பங்கரைக்குள் போய்விட்டாள். முத்துராணி அன்றே தெரு முழுக்கச் சொன்னாள். சொல்லாத வீடில்லை.

ஆறாம் நாள் புல் மஞ்சளாகிப் படுத்தது. நெல் மட்டும் நின்றது. பத்தாம் நாள் தூர் கட்டியது. வடிவம்மாளுக்கு அடுத்த முறை வந்தபோது நாற்றுக்கு வயது நாற்பத்தைந்து. முற்றி, கணு விட்டு, பிடுங்கும்போதே வேர் அறுந்தது. அதையும் அவள் வரிசை பிசகாமல்தான் நட்டாள். நடும்போது யாரும் குலவை போடவில்லை. போட வேண்டாம் என்று அவளே சொல்லிவிட்டாள்.

தை கடைசியில் முத்துராணி வயலில் அறுவடை. அறுப்பு மிஷின் வந்தது. ஊர் வரப்பில் நின்று வேடிக்கை பார்த்தது. ஏக்கருக்கு இருபத்தாறு மூடை. நல்ல வருஷத்தில் நடுகையிலும் இவ்வளவு கண்டிருக்கிறோம். ஆனால் நாற்று, தொளி, நடுகை என்று போகிற பணம் போகவில்லை. மிச்சம் அதில்தான். ஆளுக்கு ஆள் வரப்பில் நின்று விரல் மடக்கினார்கள். நான்கு பேர் அங்கேயே ஹசன் அலி நம்பர் வாங்கினார்கள். பக்கத்தில் வடிவம்மாள் வயல் இன்னும் பச்சையாக, தூர் இல்லாமல், கோழிக்கு இறகு உதிர்ந்த மாதிரி நின்றது. அவளும் வந்திருந்தாள். வராவிட்டால் பேசுவார்களே.

நம்பர் வாங்குவதைப் பார்த்த இசக்கியம்மா வரப்பில் உட்கார்ந்திருந்தவள் எழுந்தாள். முகம் சிவந்திருந்தது.

"எல்லாம் இவளாலதான். ஏளா வடிவு, நல்லா இருப்பியாளா நீ? அந்தப் புல்லு அப்படியே கெடந்திருந்தா இந்தப் பயலுவ எவனாவது மிசினப் பத்திப் பேசுவானா? ஒன் வயலக் காயப் போட்டுட்டு அவளுக்குத் தண்ணி விட்டுச் செழிக்க வச்சே. ஓரகத்தி பாசம் பொத்துக்கிட்டு வந்துட்டு. எங்க பதிமூணு பேரு வாயில மண்ண அள்ளிப் போட்டுட்டியே!"

"ஏ, நிறுத்துளா," என்றாள் ஒருத்தி. மற்றவர்கள் நிறுத்தச் சொல்லவில்லை. எல்லாரும் வடிவம்மாளைத்தான் பார்த்தார்கள்.

வடிவம்மாள் கத்திவிட்டாள். இரண்டு மாதமாக அடக்கி வைத்திருந்தது அது.

"பாசத்துலயா விட்டேன்? அழுவட்டும்னுதாம்ளா விட்டேன்! நாசமாப் போவட்டும்னு விட்டேன்! இவ வயலு நல்லா இருக்கணும்னு நான் நெனைப்பேனா? நான் நெனைப்பேனா?"

முத்துராணி முதல் நெல்லை ஓலைப்பெட்டியில் அள்ளிக்கொண்டு வந்தவள் அப்படியே நின்றாள். அப்புறம் சிரித்தாள். கண்ணில் தண்ணீரோடு சிரித்தாள்.

"பாத்தீயளா? செஞ்ச நல்லத வாயால ஒத்துக்கிட மாட்டா. கூட்டாளிமாரு மனசு நோகக் கூடாதுன்னு எப்படி ஒரு பழியத் தூக்கித் தன் தலையில போடுதா, பாருங்க."

சனம் சிரித்தது. இசக்கியம்மாகூட, "இவ ஒருத்தி, பொய் சொல்லக்கூடத் தெரியாது," என்று முணுமுணுத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். சாகட்டும் என்று நினைப்பவள் தன் நாற்றை முற்றவிட்டா அடுத்தவள் வயலுக்குத் தண்ணீர் விடுவாள்? ஊர் அப்படித்தான் யோசித்தது. நியாயமாகத்தான் யோசித்தது.

வடிவம்மாள் சுற்றிலும் பார்த்தாள். கூட்டத்துக்குப் பின்னால் நின்ற என்னைக் கண்டுபிடித்துவிட்டாள்.

"அண்ணாச்சி, நீங்க சொல்லுங்க. நீங்க பாத்தீயள்லா? அன்னைக்கு நான் என்ன சொன்னேன்னு சொல்லுங்க."

எல்லாத் தலையும் என் பக்கம் திரும்பியது. முத்துராணி பெட்டியோடு திரும்பினாள். சுடலைமணி திரும்பினான். அவன் முகத்தில் இன்னும் அந்தப் பழைய சந்தோஷம் மிச்சமிருந்தது. இருபத்தாறு மூடைக்கு என் மருந்தும் ஒரு காரணம் என்று காலையிலிருந்து நாலு பேரிடம் சொல்லிக்கொண்டிருந்தவன் நான்.

"தண்ணி விட்டே. பாத்தேன்," என்றேன். "வேற நான் என்னத்தக் கண்டேன்?"

அவள் என்னைப் பார்த்த பார்வையை இன்னும் நான் மறக்கவில்லை. முத்துராணி பெட்டியை அவள் இடுப்பில் வைத்து, "மொத நெல்லு ஒனக்குத்தான்க்கா," என்றாள். வடிவம்மாள் வாங்கிக்கொண்டாள். கீழே போடவா முடியும், நெல்லை?

அவள் வயல் மாசிக் கடைசியில் அறுத்து, ஏக்கருக்குப் பதினாலு மூடை கண்டது.

இந்த வருஷம் புரட்டாசி பிறந்ததிலிருந்து ஹசன் அலிக்குத் தூங்க நேரமில்லை. சடையன்குளத்துப் பாசனத்தில் பாதிக்கு மேல் புழுதி விதைப்பு. பதினாலு பேரில் ஐந்து பேர்தான் நடுகைக்கு மிச்சம். இசக்கியம்மா திருநெல்வேலியில் ஒரு ஜவுளிக்கடையில் கூட்டிப் பெருக்கப் போகிறாள், காலை ஏழு மணி டவுன் பஸ்ஸில். வடிவம்மாளை வழியில் பார்க்கிறவர்கள் எல்லாம், "எத்தனாம் நாளு தண்ணி விட்டே வடிவு? கைப்பக்குவம் சொல்லேன்," என்று கேட்கிறார்கள். அவளும் ஏதோ சொல்லிவிட்டுப் போகிறாள்.

முந்தாநாள் கடையில் யாரும் இல்லாத நேரம் பார்த்து வந்தாள். அறுவடைக்குப் பிறகு என் கடைப்படி அவள் ஏறியது அன்றுதான்.

"நானும் வெதைக்கப் போறேன். செவ்வாக்கிழமை பாய் வாராரு. அவ களைக்கொல்லி வாங்கிட்டாளா?"

"முத்துராணியா? இன்னும் வரல."

"அப்பம் எனக்கு மொதல்ல குடுங்க. போன வருசம் அவளுக்குக் குடுத்ததவிட ஒசத்தியா இருந்தா அதக் குடுங்க."

எடுத்து வைத்தேன். பாட்டிலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். போகாமல் நின்றாள்.

"அண்ணாச்சி, இத அடிச்சு எத்தனாம் நாளு தண்ணி கட்டணும்?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "ஊரே ஒன்ட்டல்லா கேக்குது. ஒனக்குத் தெரியாதா வடிவு?"

அவள் சிரிக்கவில்லை. பாட்டிலைப் பைக்குள் வைத்துக்கொண்டு, என்னை நேராகப் பார்த்துச் சொன்னாள்.

"தெரிஞ்சிருந்தா அன்னைக்கு விட்டிருப்பேனா?"